சகலைக்குப் பார்த்த லேத்

பருப்பு கடையும் மத்தைப் பார்த்து ஒரு மனிதனுக்கு வயிறு எரியுமா என்றால், தாண்டவராயனுக்கு எரிந்தது.

மத்து அவனுடைய மாமியார் செங்கமலத்தின் கையில் இருந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அவள் வீடு. கிருத்திகையன்று மகள்கள் இருவரும் கணவன்மாரோடு சாமி கும்பிட்டுவிட்டு அங்கே வந்து சாப்பிட்டுப் போகவேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் யாரும் போடாத, ஆனால் யாரும் மீறாத சட்டம். அன்றும் எல்லோரும் வந்திருந்தார்கள். கீரை கடைய மத்தை எடுத்த செங்கமலம், கீரையை மறந்துவிட்டு மத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பாரு ரஞ்சனி, இன்னா வழுவழுன்னு கீது! கடையில வாங்குறதெல்லாம் கையப் பதம் பாக்குது. இது கொயந்த கன்னம் மாரி கீது. சின்ன மாப்ள அவரே செஞ்சது."

ரஞ்சனி தாண்டவராயனின் மனைவி. சின்ன மாப்பிள்ளை என்பது ரஞ்சனியின் தங்கை சசிகலாவைக் கட்டிய இசக்கி. தென்காசிக்காரன். சுங்குவார்சத்திரத்து எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் இருவரும் ஒரே லைனில் நின்று வேலை பார்த்து, நின்றபடியே காதலித்து, ஒரு வீக் ஆஃபில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஆரம்பத்தில் செங்கமலம் இசக்கிக்குத் தண்ணீர்கூட நேராகக் கொடுக்கமாட்டாள். சொம்பை சசிகலா கையில் கொடுத்து, "அவுருக்குக் குடு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். தாண்டவராயன் வாழ்க்கையில் அது பொற்காலம். பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும் முட்டை பொரிந்த காலம்.

அந்தப் பொற்காலத்தை இந்த மத்து முடித்து வைத்தது.

இத்தனைக்கும் இசக்கியிடம் லேத்துகூடக் கிடையாது. கையில் பிடிக்கும் டிரில் மெஷினை மேஜையோடு சேர்த்துக் கட்டி, அதன் வாயில் கட்டையைக் கொடுத்துச் சுற்றவிட்டு, ஓர் உளியும் கொஞ்சம் உப்புத்தாளும் வைத்துச் சமாளித்திருந்தான். தாண்டவராயனோ ஒரகடத்தில் லாரி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சிஎன்சி லேத் ஆபரேட்டர். மீசை முளைத்த காலத்திலிருந்து இரும்பைக் கடைந்துகொண்டிருப்பவன். தலைமுடி அகலத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைத் தேறாதென்று கழித்து சிவப்புப் பெட்டியில் போட்டுவிடும் ஊர் அது. அப்படிப்பட்ட துல்லியத்தை வைத்துக்கொண்டு மாமியார் வீட்டில் அவனால் ஒன்றும் கிழிக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் செங்கமலம் ஆசையாகத்தான் கேட்டாள்.

"கம்பெனில நீங்க இன்னா செய்றீங்க மாப்ள?"

"பின்னு செய்றோம் அத்த. ஸ்பிரிங் மாட்ற எடத்துல வரும்."

"எங்க கீது, காட்டுங்களேன்."

"லாரிக்கு அடியில கீது."

ஒருமுறை டீக்கடை ஓரத்தில் நின்றிருந்த லாரிக்கு அடியில் செங்கமலம் முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். மருமகனுக்காக அவள் எடுத்த அதிகபட்ச முயற்சி அது. கிரீசும் சேறும் தெரிந்தன. உள்ளிருந்து கிளீனர் எட்டிப்பார்த்து, "இன்னாம்மா தேடுற?" என்றான். அதோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

தாண்டவராயன் கைபட்ட பின்கள் இந்நேரம் அசாமில் ஓடிக்கொண்டிருக்கலாம். எதையும் எடுத்து வந்து, இந்தாருங்கள், குழந்தை கன்னத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் அம்மாவிடமிருந்து மத்தை ரஞ்சனி கையில் வாங்கினாள். கன்னத்தில் ஒருமுறை தேய்த்தே பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்து, "நீயும் லேத்துலதானே வேல செய்றே?" என்றாள். அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை. வெறும் சந்தேகம்தான் இருந்தது. குத்தல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்று அப்பளத்தை நொறுக்கியபடி தாண்டவராயன் ஒரு முடிவுக்கு வந்தான். "எங்க வூட்டுக்காரர் செஞ்சது" என்று இதே குடும்பத்துக்கு நடுவில், இதே ரஞ்சனி, ஒரு தடவையாவது சொல்லவேண்டும். அது போதும்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது இசக்கி பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு ஒதவி. பெஞ்சு மேல வைக்கிற மாதிரி சின்ன மர லேத் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கேன். போனத் தொறந்தா அம்புட்டு மாடல் காட்டுதான், ஒண்ணும் வெளங்கல. புதுசா பழகுதவனுக்கு எது சரியா வரும்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"அவுருக்குத் தெரியாத லேத்தா!" என்றாள் ரஞ்சனி உள்ளேயிருந்து.

தாண்டவராயன் பிறந்ததிலிருந்து மரம் கடையும் லேத் ஒன்றை நேரில் பார்த்ததில்லை. ஆனால் மாமியார் வீட்டில் ஒரு மூத்த மாப்பிள்ளை வாயிலிருந்து "தெரியாது" என்ற சொல் வந்ததாக அந்த வட்டாரத்திலேயே தகவல் இல்லை. அவன் துண்டால் மெதுவாக வாயைத் துடைத்தான்.

"பாத்துடலாம் சகல," என்றான்.

கம்பெனி பஸ்சில் போகவர அவன் போனில் படித்தான். வீடியோ ஒன்றில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், சுற்றுகிற கட்டைக்கு நேராக ஒரு நீள உளியைக் கையால் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தாண்டவராயன் பதறிப்போய் போனை அணைத்தான். அவன் கம்பெனியில் மெஷின் கதவைச் சாத்தினால்தான் ஜாப், அதாவது கடைவதற்கு உள்ளே மாட்டிய இரும்பு, சுற்றும். சுற்றுகிற ஜாப் பக்கம் விரலை நீட்டினாலே மெமோ. அதைச் சிரித்துக்கொண்டே நீட்டினால் வீட்டுக்குத்தான் போகவேண்டும். கையில் பிடித்தது எல்லாம் டூல் ஆகுமா? டூல் என்றால் போல்ட் போட்டு இறுக்கியிருக்கவேண்டும். இதுதான் அவனுக்குத் தெரிந்த உலகம்.

அடுத்த வீக் ஆஃபில் யாரிடமும் சொல்லாமல் படப்பை சாலையில் வனமாமலையின் கடைக்குப் போனான். மூடிப்போன ஒர்க்‌ஷாப்புகளின் மெஷின்களும் புதிதாகப் பெட்டியில் வந்திறங்கியவையும் அங்கே கலந்து கிடக்கும். பெஞ்சு மேல் வைக்கிற அளவில் இரண்டு லேத்துகள் இருந்தன.

முதலாவது பச்சை பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு. குட்டையாக, கனமாக, குட்டியானை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் ஒரு கூம்பு, நடுவில் ஒரு வெறும் இரும்புப் பட்டை. அவ்வளவுதான். வேகத்தை மாற்ற மூடியைத் திறந்து பெல்ட்டைக் கையால் நகர்த்தவேண்டும்.

"டூல் எங்க மாட்றது?" என்றான் தாண்டவராயன்.

"மாட்ட வேண்டாம் சார். பட்டை மேல உளிய வச்சு, கையால பிடிக்கணும்."

"கையாலயா?"

"மர லேத்துன்னா அப்படித்தான் சார்."

தாண்டவராயன் அந்த மெஷினைப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு இரண்டாவதைப் பார்த்தான், அங்கேயே மனசு போய்விட்டது. சிவப்பு நிறம். டூலை இறுக்க ஒழுங்கான இடம். அதைத் தள்ள முன்னும் பக்கவாட்டிலும் கைச்சக்கரங்கள். சக்கரங்களில் கோடு கோடாக அளவு. வேகத்தைக் காட்ட பச்சை எழுத்தில் ஒரு சின்னத் திரை. அவன் கம்பெனி மெஷினைத் துவைத்துப்போட்டு அது சுருங்கியதுபோல் இருந்தது.

"அது இரும்புக்கு உள்ளது சார்," என்றார் வனமாமலை. "மரத்துக்கும் ஆகும்னு பெட்டியில போட்டிருக்கான். பெட்டியில என்னவும் போடுவான்."

தாண்டவராயன் காதில் முதல் பாதியும் விழவில்லை, பின் பாதியும் விழவில்லை. அவன் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையால் உளி பிடித்துக் கடைந்தால் எல்லாம் கோணலாகத்தான் வரும். கோணல் மத்தை எந்த மாமியாரும் கன்னத்தோடு ஒப்பிடமாட்டாள். பச்சை இசக்கிக்கு. சிவப்பு தனக்கு. அட்வான்ஸ் கொடுத்து சிவப்பை ஓரமாக எடுத்து வைக்கச் சொன்னான்.

மறுவாரம் இசக்கியை அழைத்து வந்தான். சிவப்பு மெஷின் மேல் தார்ப்பாய் போட்டிருந்தது.

"அது என்ன அண்ணாச்சி, மூடி வச்சிருக்கு?"

"அது வித்துப்போச்சு. இருந்தாலும் உனக்கு வேணாம் சகல, கொயம்பிடுவே. இங்க பாரு." தாண்டவராயன் பச்சையின் முதுகில் தட்டினான். தட்டிவிட்டு, சட்டென்று வாய்க்கு வந்ததையெல்லாம் சரளமாகச் சொல்லத் தொடங்கினான். "வெயிட்டப் பாத்தியா? கட்ட கோணலா இருந்தாலும் மெஷின் குதிக்காது. ஸ்பீடு கொறச்சல்தான், ஆனா பயகுறவனுக்கு அதான் நல்லது, கட்ட பறந்து மூஞ்சியில அடிக்காது. டூல மாட்றதுக்கு எடமே இல்லியேன்னு நெனைக்காத. கையில புடிச்சாத்தான் வளைவு வரும். மெஷினா வளையும்? கைதான் வளையும்."

கடைசி வாக்கியம் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே புரியவில்லை. இசக்கியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அண்ணாச்சி, நான் தனியா வந்திருந்தா எதையாவது பளபளன்னு பாத்துத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

வனமாமலை தாண்டவராயனைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். வியாபாரிக்கு உரிய மௌனத்தைக் கடைப்பிடித்தார்.

கிளம்பும்போது தாண்டவராயன் தன் செலவில் முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசம் ஒன்றை வாங்கி இசக்கிக்குக் கொடுத்தான். சகலை தோற்கவேண்டும், அவ்வளவுதான். அடிபடக் கூடாது. பொறாமைப்படுவதிலும் சேஃப்டி ரூல்ஸ் உண்டு.

அதற்கப்புறம் நடந்தது என்னவென்றால், அவன் சொன்ன பொய்கள் ஒவ்வொன்றாக உண்மையாகத் தொடங்கின.

சசிகலா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாள். முதலில் ஒரு பம்பரம். அப்புறம் சப்பாத்திக் கட்டை. அப்புறம் வேப்பமரத்தில் ஒரு கிண்ணம். உதட்டோரம் உள்ளே லேசாக மடங்கி, பார்த்தால் கையில் ஏந்தத் தோன்றும் கிண்ணம். 'கோணக் கட்டதான், அண்ணாச்சி சொன்னமாரி மெஷின் அசையவே இல்ல' என்று கீழே இசக்கியின் குரல்பதிவு. செங்கமலம் தினமும் கும்பிடுகிற கை, கும்பிடுகிற கை, இதயம், கும்பிடுகிற கை என்று அனுப்பினாள். தாண்டவராயன் ஒரு கட்டைவிரல் அனுப்பினான். அந்தக் கட்டைவிரலை அழுத்துவதற்கு அவன் பட்டபாடு அவனுக்குத்தான் தெரியும்.

சிவப்பு லேத் அவன் வீட்டுப் பின்பக்கம், ஷீட் போட்ட இடத்தில் இருந்தது. "எனக்கும் ஒண்ணு எடுத்தேன், சும்மா" என்று ரஞ்சனியிடம் சொல்லியிருந்தான். மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டூலை இறுக்கினான், சக்கரத்தைத் திருப்பினான், டூல் நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிற்று. அதுதான் பிரச்சினை. அது நேராக மட்டும்தான் போகும். குறுக்கே போகச் சொன்னால் குறுக்கேயும் நேராகப் போகும். வளைந்து போ என்றால் அதற்குப் புரியாது. இரண்டு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் திருப்பிப் பார்த்தான். கட்டையில் படிக்கட்டு விழுந்தது. மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்து, டூல் நகரும் வழுக்குப் பாதையில் புண்ணாக்காக உறைந்தது.

முதல் பொருளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

"இது இன்னா?" என்றாள் ரஞ்சனி.

"சிலிண்டரு."

"எதுக்கு?"

"எதுக்கா? இந்த முனைக்கும் அந்த முனைக்கும் துளி வித்தியாசம் இல்ல. வெர்னியர் வெச்சி அளந்து பாரு."

"சரி. அடுத்தது இன்னா செய்யப்போறே?"

தாண்டவராயன் கொஞ்சம் யோசித்தான். "இதே, சின்ன சைசுல."

ரஞ்சனி அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தாள். அது உருண்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. அவ்வளவு ரவுண்டு.

வீடு முழுக்க உருளைகள் சேர்ந்துகொண்டிருந்தபோதுதான் தாண்டவராயனுக்கு அந்த யோசனை வந்தது. குங்குமச் சிமிழ். சிமிழ் என்பது என்ன? வெளியே ஓர் உருளை, உள்ளே ஓர் உருளை, மேலே மூடி. வளைவே தேவையில்லை. மூடி எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான் விஷயம். பொருத்தம் என்று வந்துவிட்டால் இந்த மாவட்டத்தில் அவனை யார் மிஞ்ச முடியும்?

கம்பெனிக்குப் போகும் வழியில் காற்றில் சாய்ந்த பூவரசு ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு கிளையைத் தூக்கி வந்தான். பச்சைமரம் வெண்ணெய்போல் கடைய வந்தது. இசக்கி கிண்ணம் செய்வதற்கு மரத்தை மாதக்கணக்கில் நிழலில் காயப்போடுவதாக சசிகலா சொல்லியிருந்தாள். வேலை தெரியாதவன் சாக்கு தேடுகிறான் என்று தாண்டவராயன் அப்போது நினைத்திருந்தான். இரும்பை யாராவது காயப்போடுவார்களா?

மூடியை சிமிழ்மேல் வைத்தான். அழுத்தவில்லை. உள்ளிருந்த காற்று மெல்ல வெளியேற, மூடி தானாக, மூச்சு விடுவதுபோல் இறங்கிப் பொருந்தியது.

ரஞ்சனி அதை நாலைந்து தடவை திறந்து மூடினாள். ஒவ்வொரு தடவையும் 'புஸ்' என்றது. அவள் முகத்தில் மத்தைப் பார்த்தபோது வந்த அதே வெளிச்சம்.

"பரவால்லியே! நீயா செஞ்சே?"

"பின்ன?"

"ஆயுத பூஜைக்கு சசி வூட்டுக்குக் கூப்ட்டுகிறாங்கல்ல. அங்க எடுத்தும்போறேன். அம்மாவும் வருது." அன்றே கோயில் குங்குமத்தை அதில் நிரப்பி மூடி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பூஜைக்கு இன்னும் நாள் இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் கதகதப்பாக இருக்கும்.

தாண்டவராயன் அந்த நாட்களில் கம்பெனியில் விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தான். சூப்பர்வைசர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆயுத பூஜையன்று சுங்குவார்சத்திரத்தில் இசக்கியின் வாடகை வீட்டு மாடிப்படிக்கு அடியில் பச்சை லேத் மணப்பெண்போல் இருந்தது. இருபுறமும் வாழைக்கன்று, தலையில் சாமந்திச் சரம், எதிரே பொரி, கடலை, பூசணிக்காய். உளிகளை வரிசையாகச் சந்தனம் பூசி அடுக்கியிருந்தான் இசக்கி. கம்பெனியில் ஒரு நாள் முன்னதாகவே பூஜை முடிந்திருந்தது; அங்கே தாண்டவராயனின் மெஷினுக்கு மேனேஜர்தான் பொட்டு வைப்பார்.

"இந்த மெஷினுக்கு முதப் பொட்ட அண்ணாச்சிதான் வைக்கணும்," என்றான் இசக்கி. "அவுக பாத்துக் குடுத்ததுலா இது."

"ஆமா மாப்ள, நீங்களே வையிங்க," என்றாள் செங்கமலம்.

சசிகலா கற்பூரத்தை ஏற்றினாள். "குங்குமம் எங்க?"

அந்த நொடிக்காகத்தான் ரஞ்சனி காத்திருந்தாள். பையில் கைவிட்டாள். சிமிழை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இரு இரு. இதுல கீது. எங்க வூட்டுக்காரர் செஞ்சது!"

சொல்லிவிட்டாள். மாமியார் இருக்க, சகலை இருக்க, பக்கத்துப் போர்ஷன்காரர்கள் எட்டிப்பார்க்க, சொல்லியே விட்டாள். தாண்டவராயனுக்கு உடம்பு ஒரு சுற்று பருத்தது. செங்கமலம் கண்ணை அகட்டி, "அட!" என்றாள்.

ரஞ்சனி மூடியைத் தூக்கினாள். வரவில்லை. திருகினாள். வரவில்லை.

"குடுக்கா," என்று சசிகலா வாங்கினாள். பல்லைக் கடித்தாள். வரவில்லை. செங்கமலம் முந்தானையால் பிடித்துத் திருகினாள். பிறகு தரையில் 'டொக் டொக்' என்று தட்டினாள். தாண்டவராயன் வாங்கிப் பார்த்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கடைந்தபோது வட்டமாக இருந்தது இப்போது வட்டமாக இல்லை. காய்ந்த மரம் ஒரு பக்கம் சுருங்கி, கோழிமுட்டை மாதிரி ஆகியிருந்தது. மூடியும் முட்டையாகி, ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருந்தன. நரம்பு புடைக்கத் திருகினான். கம்பெனியாக இருந்தால் இந்நேரம் சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பான். இங்கே சிவப்புப் பெட்டி இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சகல, நீ பாரு," என்று வேறு வழியில்லாமல் நீட்டினான்.

இசக்கி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் தொட மாட்டேன் அண்ணாச்சி. நல்ல நாளும் அதுவுமா என் கையில ஒடஞ்சிருச்சுன்னா எனக்கு மனசு ஆறாது. எவ்வளவு நுணுக்கமாப் பண்ணிருக்கீங்க! இந்தப் பொருத்தம்லாம் எனக்கு வராது."

அதை உடைத்துத் தொலைத்திருந்தால்கூட தாண்டவராயன் அவனை மன்னித்திருப்பான்.

கற்பூரம் அணையப் பார்த்தது. செங்கமலம் எழுந்து உள்ளே போனாள். "வுடுங்க மாப்ள, பாக்கெட்டுல கீது," என்று ஒரு குங்குமப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டே வந்தாள். தாண்டவராயன் அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தன் எதிரியின் நெற்றியில் பொட்டு வைத்தான். பச்சைப் பெயின்டில் சிவப்பு நன்றாக எடுப்பாக இருந்தது.

பொரியும் வடையுமாக இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தபோது ரஞ்சனி சிமிழை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் இசக்கி, உன் மெஷின்ல செஞ்சா இப்டி ஆவாதா?" என்று கேட்டாள்.

"மரம் காயாட்டி எந்த மெஷின்லயும் ஆவும் மதினி. எனக்கும் நாலஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, அண்ணாச்சி வச்சிருக்க மெஷினு இரும்புக்கு உள்ளது. அதுல மரத்தக் கடையதுக்குத் தனிப் பொறுமை வேணும்." இசக்கி குரலைத் தாழ்த்தினான். "இத நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். உளி வாங்க வனமாமலை அண்ணாச்சி கடைக்குப் போனேன்லா, அவரு சொல்லிட்டாரு. எனக்கு முன்னாடியே இவுக தனியா வந்து ரெண்டு மெஷினையும் பாத்துட்டுப் போயிருக்காவ."

தாண்டவராயன் வாயில் இருந்த பொரி அப்படியே நின்றது.

"மரத்துக்குத் தோதான மெஷின எனக்குன்னு விட்டுட்டு, அந்த இரும்பு மெஷினத் தனக்கு எடுத்துக்கிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்கு அங்கதான் இருந்துச்சு, தார்ப்பாய் போட்டு. கேட்டதுக்கு, உனக்கு வேணாம், கொழம்பிருவேன்னாவ." இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னாவ. மெஷினா வளையும், கைதான் வளையும்னு. உளியப் பிடிக்கும்போதெல்லாம் அதத்தான் நெனச்சுக்கிடுதேன்."

செங்கமலம் எழுந்து போய், இசக்கிக்கு என்று எடுத்து வைத்திருந்த வடையையும் சேர்த்துப் பெரிய மாப்பிள்ளையின் இலையில் வைத்தாள். "இந்த மனசு யாருக்கு வரும்," என்றாள். ரஞ்சனி கணவனைப் பார்த்தாள். மத்துக்கும் சிமிழுக்கும் வராத ஒரு பார்வை. அப்படி ஒரு பார்வை அவளிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் பைக்கில் திரும்பினார்கள். ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் நெற்றியில் சந்தனமும் கண்ணாடியில் வாழையிலையுமாகக் கடந்து போயின. ரஞ்சனி வழக்கமாகப் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வாள். இன்று அவன் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தாள்.

"நா இன்னா நெனச்சினு இருந்தேன் தெரியுமா? உனக்கு இசக்கி மேல பொறாமைன்னு."

தாண்டவராயன் கியரை மாற்றினான்.

"அம்மாகூடச் சொல்லிச்சு, பெரியவருக்கு மூஞ்சி சரியில்லடின்னு. கடைசில பாத்தா, நல்ல மெஷின அவனுக்குக் குடுத்துட்டு, அந்த ஒதவாத மெஷின வெச்சினு சிலிண்டரு சிலிண்டரா போட்டுனு இருந்திருக்கே. நானும் கிண்டல் பண்ணிகினு இருந்தேன், நீயும் ஒண்ணும் சொல்லாம இருந்தே."

அவள் யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று தாண்டவராயன் கவனமாகக் கேட்டான். சகலைக்காக விட்டுக்கொடுத்தவன். சொல்லிக்காட்டாதவன். கிண்டலைத் தாங்கிக்கொண்டு கமுக்கமாக இருந்தவன். அப்படி ஒருவன் மேல் ரஞ்சனிக்கு இவ்வளவு ஆசையா? அவன் யார், எங்கிருந்து வந்தான், அவனைப்போய் இவள் ஏன் இப்படிக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள்? இசக்கியைப் பார்த்துகூட அவனுக்கு இந்த அளவுக்குப் பற்றி எரிந்ததில்லை.

"இத பாரு ரஞ்சனி," என்றான் கடைசியில். "அந்தச் செவப்பு மெஷின்தான் நல்ல மெஷின்னு நெனச்சேன். அதத்தான் நா எடுத்துக்கினேன். மட்டமானத அவன் தலையில கட்டலாம்னு பாத்தேன். அவ்ளோதான் நடந்துச்சு."

ரஞ்சனி சிரித்தாள். "நீ இப்டித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"நெசமாத்தான் சொல்றேன்."

"சொல்லு சொல்லு. லேத்துல இத்தன வருசம் வேல செய்ற உனக்கு, எது நல்ல மெஷின்னு தெரியாதாக்கும்," என்று அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

தாண்டவராயனுக்குப் பைக்கில் மூன்று பேர் போவதாகத் தோன்றியது. முன்னால் அவன், பின்னால் ரஞ்சனி, நடுவில் அந்த நல்லவன். கன்னம் அந்த நல்லவன் முதுகில்தான் இருந்தது. எதிரே ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தது. தாண்டவராயன் பிரேக்கைத் தொடாமல், வேண்டுமென்றே வண்டியை அதன்மேல் ஏற்றித் தூக்கிப்போட்டான்.

நடுவில் இருந்தவன் விழவில்லை. ரஞ்சனி அவனை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.